ஒரு குளத்தை வைத்துச் சூழலியல் கற்பது எப்படி: உயர்நிலைப் பள்ளி மாணவர்களுக்கான படிப்படியான வழிகாட்டி

உயிரியல் பாடநூலில் சூழலியல் அத்தியாயத்தைப் பலர் எளிது என்று கருதிக் கடைசி நாளுக்கு ஒதுக்கிவைக்கிறார்கள். உணவு, வாழிடம், போட்டி, சுழற்சி என்று அதில் வரும் சொற்கள் அன்றாடப் பேச்சிலும் வழங்குபவை என்பதால், வாசிக்கும்போதே புரிந்துவிட்டதுபோல் தோன்றும். தேர்வில் "ஏன்" என்றும் "எவ்வாறு" என்றும் கேட்கும்போதுதான், சொல் தெரிந்திருந்தும் அதன் பொருள் பிடிபடவில்லை என்பது தெரியவரும். வரையறைகளை ஒவ்வொன்றாக மனப்பாடம் செய்வதைக் காட்டிலும், ஒரே ஓர் இடத்தைத் தேர்ந்துகொண்டு எல்லாக் கருத்துகளையும் அந்த இடத்தின் மேல் பொருத்திப் பார்ப்பதே இந்தப் பாடத்தைக் கற்க நல்ல வழி என்பது என் உறுதியான கருத்து.

இந்த வழிகாட்டியில் ஒரு சிறு குளத்தை அந்த இடமாக எடுத்துக்கொள்கிறேன். உங்களுக்கு அருகில் குளம் இல்லையென்றால் ஒரு மரத்தடியோ, புல்வெளியின் ஒரு மூலையோ, பாசி படர்ந்த பழைய சுவரோ போதும். ஒரு குறிப்பேட்டை எடுத்து, அதன் முதல் பக்கத்தில் இரண்டு கேள்விகளை எழுதிக்கொள்ளுங்கள்: ஆற்றல் எங்கிருந்து வந்து எங்கே போகிறது? பொருள் எங்கிருந்து வந்து எங்கே திரும்புகிறது? இனி வரும் ஒவ்வொரு படியிலும் இந்த இரண்டில் ஒன்றாவது துணைக்கு வரும்.

முதல் படி: எந்த அளவில் பேசுகிறீர்கள் என்று முடிவு செய்யுங்கள்

ஜெர்மானிய உயிரியலாளர் எர்ன்ஸ்ட் ஹெக்கல் 1866இல் இந்தத் துறைக்குப் பெயரிட்டபோது, வீடு என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து அதை உருவாக்கினார். ஒரு வீட்டைப் பற்றிப் பேசும்போது அறையைச் சொல்கிறோமா, முழு வீட்டைச் சொல்கிறோமா, தெருவையே சொல்கிறோமா என்று தெளிவுபடுத்துவதைப்போல, சூழலியலிலும் எந்த அளவில் பேசுகிறோம் என்பதை முதலில் நிர்ணயிக்க வேண்டும்.

குளத்தில் உள்ள ஒரு தவளை தனி உயிரி. அதே குளத்தில், அதே காலத்தில் வாழும், ஒரே சிற்றினத்தைச் சேர்ந்த தவளைகள் அனைத்தும் சேர்ந்தால் இனக்கூட்டம். தவளைகள், மீன்கள், நத்தைகள், பாசிகள், பாக்டீரியாக்கள் என்று அங்கு வாழும் எல்லா இனக்கூட்டங்களும் சேர்ந்தது உயிரினக் குழுமம். அந்தக் குழுமத்தோடு நீர், ஒளி, வெப்பநிலை, கரைந்த உப்புகள், அடிச்சேறு ஆகிய உயிரற்றவற்றையும் சேர்த்து, இரண்டுக்கும் இடையிலான கொடுக்கல் வாங்கலோடு பார்த்தால் அது சூழல் மண்டலம். இந்தக் கடைசிக் கருத்துக்குரிய சொல்லை ஆங்கிலேயத் தாவரவியலாளர் ஆர்தர் டான்ஸ்லி 1935இல் ஒரு கட்டுரையில் பயன்படுத்தினார். உயிரினங்களையும் அவற்றின் உயிரற்ற சூழலையும் பிரித்துவிட்டு ஆராய முடியாது என்பதே அவர் வலியுறுத்திய செய்தி.

"குளத்தில் உள்ள மீன்களின் இனக்கூட்டம்" என்று எழுதுவது மாணவர்கள் அடிக்கடி செய்யும் தவறு. அந்தக் குளத்தில் ஐந்து சிற்றினத்து மீன்கள் இருந்தால் அங்கே ஐந்து இனக்கூட்டங்கள் இருக்கின்றன. ஒரே சிற்றினம், ஒரே இடம், ஒரே காலம் என்ற மூன்று நிபந்தனைகளில் ஒன்று விடுபட்டாலும் வரையறை முழுமை பெறாது.

இரண்டாம் படி: உயிரற்ற காரணிகளை அளந்து எழுதுங்கள்

குறிப்பேட்டின் ஒரு பக்கத்தை இரண்டாகப் பிரித்து, ஒருபுறம் உயிரற்ற காரணிகளையும் மறுபுறம் உயிருள்ள காரணிகளையும் எழுதுங்கள். வெறும் பெயர்ப்பட்டியலாக அது நின்றுவிடக் கூடாது. ஒவ்வொரு காரணிக்கும் எதிரே "இது மாறினால் யார் பாதிக்கப்படுவார்?" என்று ஒரு வரி எழுதினால்தான் பட்டியலுக்குப் பயன் உண்டு.

எடுத்துக்காட்டாக வெப்பநிலையைப் பார்ப்போம். காற்றோடு தொடர்புள்ள நன்னீரில் 0 டிகிரி செல்சியசில் லிட்டருக்கு ஏறத்தாழ 14.6 மில்லிகிராம் ஆக்சிஜன் கரைந்திருக்க முடியும். 20 டிகிரியில் அது 9.1 மில்லிகிராமாகவும், 30 டிகிரியில் 7.6 மில்லிகிராமாகவும் குறைகிறது. நீர் சூடேறும்போது மீனின் உடலில் வளர்சிதை மாற்றம் விரைவடைந்து அதற்கு ஆக்சிஜன் கூடுதலாகத் தேவைப்படுகிறது. அதே நேரத்தில் நீரில் உள்ள ஆக்சிஜனோ குறைகிறது. வெப்பநிலை என்ற ஒரே காரணி இரண்டு பக்கங்களிலிருந்தும் மீனை நெருக்குவதை இந்த எண்கள் காட்டுகின்றன. மற்ற எல்லாம் போதிய அளவு இருந்தும், எந்த ஒன்றின் பற்றாக்குறை உயிரினத்தின் வளர்ச்சியைத் தடுத்து நிறுத்துகிறதோ அதற்குக் கட்டுப்படுத்தும் காரணி என்று பெயர். இந்த மீனுக்குக் கோடை நாளில் ஆக்சிஜன் கட்டுப்படுத்தும் காரணியாகிறது. குளத்தின் அடியில் வேரூன்றிய நீர்த்தாவரத்துக்கு ஒளி அவ்வாறு ஆகலாம்.

இதே படியில் வாழிடம், செயல்வாழிடம் என்ற இரண்டு சொற்களையும் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். வாழிடம் என்பது ஓர் உயிரினம் வாழும் இடம். செயல்வாழிடம் என்பது அது அங்கே வாழும் முறை முழுவதும்: என்ன உண்கிறது, எந்நேரத்தில் இரை தேடுகிறது, எந்த ஆழத்தில் தங்குகிறது, எவ்வளவு வெப்பத்தைத் தாங்குகிறது, யாருக்கு இரையாகிறது என்பன எல்லாம் அதில் அடங்கும். வாழிடத்தை முகவரி என்றும் செயல்வாழிடத்தைத் தொழில் என்றும் வகுப்பறைகளில் சொல்வதுண்டு. அந்த ஒப்புமை நினைவில் வைக்க உதவும் என்றாலும், விடைத்தாளில் அதோடு நின்றுவிடாமல் மேற்சொன்ன கூறுகளை எழுத வேண்டும்.

ஒரே செயல்வாழிடத்தை இரண்டு சிற்றினங்கள் பகிர்ந்துகொண்டால் என்ன ஆகும் என்பதை ரஷ்ய அறிவியலாளர் கௌஸ் 1930களில் ஆய்வகத்தில் காட்டினார். பாரமீசியம் ஆரிலியா, பாரமீசியம் காடேட்டம் என்ற இரண்டு ஒருசெல் உயிரிகளைத் தனித்தனியே வளர்த்தபோது இரண்டும் நன்கு பெருகின; ஒரே கலத்தில் ஒரே உணவைக் கொடுத்து வளர்த்தபோது காடேட்டம் படிப்படியாக மறைந்தது. ஆனால் பாரமீசியம் புர்சேரியாவோடு சேர்த்து வளர்த்தபோது அதே காடேட்டம் நிலைத்தது. அவற்றில் ஒன்று நீரின் மேற்பகுதியிலும் மற்றொன்று அடிப்பகுதியிலும் உணவு தேடியதே காரணம். போட்டி விலக்கம் என்ற கோட்பாட்டை எழுதும்போது முதல் சோதனையோடு இந்த இரண்டாவதையும் சேர்த்து எழுதுங்கள்; ஒரே குளத்தில் இத்தனை சிற்றினங்கள் எப்படிச் சேர்ந்து வாழ்கின்றன என்ற கேள்விக்கு அதில்தான் பதில் இருக்கிறது.

மூன்றாம் படி: உணவு வலையை வரையுங்கள், அம்புக்குறியைச் சரியாக இடுங்கள்

குளத்தில் நீங்கள் கண்ட உயிரினங்களின் பெயர்களை ஒரு தாளில் பரவலாக எழுதிக்கொண்டு, உண்ணப்படுவதிலிருந்து உண்பதை நோக்கி அம்புக்குறி இடுங்கள். பாசி → தலைப்பிரட்டை → தட்டானின் இளவுயிரி → மீன் → நாரை என்பது ஓர் உணவுச் சங்கிலி. "நாரை மீனை உண்கிறது" என்று மனத்தில் சொல்லிக்கொண்டு வரைவதால் பலர் அம்புக்குறியை நாரையிலிருந்து மீனுக்குப் போட்டுவிடுகிறார்கள். அம்புக்குறி யார் யாரை உண்கிறார் என்பதைக் காட்டுவதற்காக இடப்படுவதில்லை. ஆற்றல் எத்திசையில் போகிறது என்பதைக் காட்டவே இடப்படுகிறது. முதல் பக்கத்தில் எழுதிய முதற்கேள்வியை நினைவுபடுத்திக்கொண்டால் இந்தப் பிழை நேராது.

பாசியும் நீர்த்தாவரங்களும் உற்பத்தியாளர்கள். அவற்றை உண்பவை முதல்நிலை நுகர்வோர், அந்நுகர்வோரை உண்பவை இரண்டாம்நிலை நுகர்வோர் என்று வரிசை மேலே செல்கிறது. இந்த ஒவ்வொரு படிநிலையும் ஓர் ஊட்டமட்டம். இங்கே ஒரு குழப்பம் வரும்: முதல்நிலை நுகர்வோர் இருப்பது இரண்டாவது ஊட்டமட்டத்தில். எண்கள் ஒன்று தள்ளி வருவதால் தேர்வு அவசரத்தில் தவறு நேர்வது இயல்பு. உற்பத்தியாளரிலிருந்து விரல்விட்டு எண்ணிப் பார்த்து எழுதுங்கள். இயற்கையில் ஒரு மீன் தட்டானின் இளவுயிரியையும் உண்ணும், தலைப்பிரட்டையையும் உண்ணும். ஆகவே ஒரே உயிரினம் ஒன்றுக்கு மேற்பட்ட ஊட்டமட்டங்களில் இருக்க முடியும், சங்கிலிகள் பல பின்னி உணவு வலையாகின்றன.

உங்கள் படத்தில் சிதைப்போர் இருக்கிறார்களா என்று பாருங்கள். மாணவர்கள் வரையும் உணவு வலைகளில் மிக அதிகமாக விடுபடுவது இந்தப் பகுதிதான். நுண்ணுயிர்கள் கண்ணுக்குத் தெரியாததும் ஒரு காரணமாக இருக்கலாம். எல்லா மட்டங்களிலிருந்தும், இறந்த உடல்கள், உதிர்ந்த இலைகள், கழிவுகள் வழியாக, பாக்டீரியாக்களுக்கும் பூஞ்சைகளுக்கும் அம்புக்குறிகள் செல்ல வேண்டும். மண்புழுவைப்போல மட்கிய பொருளை விழுங்கி உடலுக்குள் செரிப்பவை மட்குண்ணிகள். நொதிகளை வெளியே சுரந்து, பொருளை உடலுக்கு வெளியிலேயே சிதைத்து, கரைந்த பொருளை உறிஞ்சுபவை சிதைப்போர். இந்த வேறுபாட்டைச் சில பாடத்திட்டங்கள் கேட்கும்.

எல்லாச் சங்கிலிகளும் சூரிய ஒளியில்தான் தொடங்குகின்றன என்று முன்பு எழுதிவந்தார்கள். 1977இல் கலாபகசுத் தீவுகளுக்கு அருகே ஆழ்கடலின் வெந்நீர் ஊற்றுகளைச் சுற்றி, ஒளி சிறிதும் எட்டாத இடத்தில், செழித்த உயிரினக் குழுமங்கள் கண்டறியப்பட்டன. அங்கே பாக்டீரியாக்கள் ஹைட்ரஜன் சல்பைடு போன்ற வேதிப்பொருள்களிலிருந்து ஆற்றலைப் பெற்று உணவைத் தயாரிக்கின்றன. ஆகவே "பெரும்பாலான" என்ற சொல்லைச் சேர்த்து எழுதுவதே சரி.

நான்காம் படி: ஆற்றலின் கணக்கைப் போட்டுப் பாருங்கள்

இந்தப் படியில் அவசரப்படாதீர்கள். மற்றப் படிகள் எல்லாம் தெளிவாவதும் குழம்புவதும் இங்கேதான்.

அமெரிக்காவின் மின்னசோட்டாவில் உள்ள சீடர் பாக் என்ற சிறிய ஏரியை ரேமண்ட் லிண்டமன் என்ற இளைஞர் பல ஆண்டுகள் ஆராய்ந்து, ஓர் ஊட்டமட்டத்திலிருந்து அடுத்ததற்கு எவ்வளவு ஆற்றல் செல்கிறது என்று கணக்கிட்டார். அவருடைய ஆய்வுக் கட்டுரை 1942இல் வெளியானது. அது அச்சில் வருவதற்குச் சில மாதங்களுக்கு முன், 27 வயது நிறையும் முன்பே, அவர் இறந்துவிட்டார். சூழல் மண்டலத்தை ஆற்றல் ஓட்டமாகப் பார்க்கும் பார்வைக்கு அந்தக் கட்டுரை அடித்தளமானது. பாடநூல்களில் வரும் பத்து சதவீத விதியை அவருடைய பெயரோடு இணைத்துச் சொல்கிறார்கள்.

உற்பத்தியாளர்களின் உடலில் 10,000 கிலோஜூல் ஆற்றல் இருந்தால், முதல்நிலை நுகர்வோரின் உடலில் சேர்வது ஏறத்தாழ 1,000, அடுத்த மட்டத்தில் 100, அதற்கடுத்த மட்டத்தில் 10 என்பது அந்த விதி. உண்மையான சூழல் மண்டலங்களில் இந்த விகிதம் மாறுபடுகிறது என்பதால், தேர்வில் எண்கள் கொடுக்கப்பட்டால் பத்து சதவீதம் என்று நீங்களே வைத்துக்கொள்ளாமல் கணக்கிட வேண்டும். புல்லில் 20,000 கிலோஜூலும் அதை உண்ணும் வெட்டுக்கிளிகளில் 1,600 கிலோஜூலும் இருப்பதாகக் கொள்வோம். 1,600ஐ 20,000ஆல் வகுத்து 100ஆல் பெருக்கினால் கடத்தல் திறன் 8 சதவீதம். கீழ்மட்டத்தின் எண்ணே எப்போதும் வகுக்கும் எண்ணாக இருக்கும்.

மீதி எங்கே போனது? "ஆற்றல் வீணானது" என்று எழுதினால் மதிப்பெண் கிடைக்காது. மூன்று வழிகளைப் பிரித்து எழுத வேண்டும். புல்லின் ஒரு பகுதி, குறிப்பாக வேர், உண்ணப்படுவதே இல்லை. உண்ணப்பட்டதில் ஒரு பகுதி செரிக்காமல் கழிவாக வெளியேறுகிறது. செரித்ததில் பெரும்பங்கு சுவாசித்தலில் பயன்பட்டு, இயக்கத்துக்கும் உடல் செயல்பாடுகளுக்கும் உதவி, இறுதியில் வெப்பமாக வெளியேறுகிறது. முதல் இரண்டு வழிகளில் போனது சிதைப்போருக்குச் சென்று சேரும். மூன்றாவதாகப் போன வெப்பத்தை எந்த உயிரினமும் மீண்டும் உணவாக்க முடியாது. உடல் வெப்பநிலையை நிலையாக வைத்திருக்கும் பறவைகளும் பாலூட்டிகளும் சுவாசித்தலில் செலவிடும் பங்கு அதிகம். ஆகவே அவற்றின் வழியாகச் செல்லும் சங்கிலியில் இழப்பும் அதிகம். பெரும்பாலான சங்கிலிகள் நான்கு அல்லது ஐந்து மட்டங்களுக்கு மேல் நீளாததற்கும் இதையே முதன்மையான விளக்கமாகச் சொல்வது வழக்கம்: அதற்கு மேல் ஓர் இனக்கூட்டத்தைத் தாங்கும் அளவுக்கு ஆற்றல் மிஞ்சுவதில்லை.

இந்தக் கணக்கைப் பட்டைகளாக அடுக்கினால் பிரமிடு கிடைக்கும். எண்ணிக்கைப் பிரமிடு தலைகீழாக இருக்கலாம். ஒரே மரத்தை ஆயிரக்கணக்கான பூச்சிகள் உண்பதை நினைத்துப் பாருங்கள். உயிரினங்களின் மொத்த நிறையைக் காட்டும் உயிரித்திரள் பிரமிடும் நீர்நிலைகளில் தலைகீழாக இருக்கலாம்: ஆங்கிலக் கால்வாயில் எடுக்கப்பட்ட ஓர் அளவீட்டில் தாவர மிதவையுயிரிகள் சதுர மீட்டருக்கு 4 கிராமும், விலங்கு மிதவையுயிரிகள் முதலானவை 21 கிராமும் இருந்தன. தாவர மிதவையுயிரிகள் சில நாட்களிலேயே பெருகி, பெருகிய வேகத்திலேயே உண்ணப்பட்டுவிடுவதால், எந்த ஒரு கணத்திலும் கையிருப்பு குறைவாகவே தெரியும். குறிப்பிட்ட காலத்தில் கடந்து சென்ற ஆற்றலை அளக்கும் ஆற்றல் பிரமிடு மட்டும் ஒருபோதும் தலைகீழாகாது.

ஆற்றல் மேலே செல்லச் செல்லக் குறைகிறது. சில நச்சுப்பொருள்களோ மேலே செல்லச் செல்லச் செறிவடைகின்றன. டி.டி.டி. என்ற பூச்சிக்கொல்லி கொழுப்பில் கரையும், உடலில் எளிதில் சிதையாது, எளிதில் வெளியேறாது. சிறு மீன் தன் வாழ்நாளில் உண்ட மிதவையுயிரிகள் அனைத்திலும் இருந்த டி.டி.டி. அதன் கொழுப்பில் தங்க, அத்தகைய பல மீன்களை உண்ட பறவையின் உடலில் அது மேலும் திரள்கிறது. 1967இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், லாங் ஐலண்ட் கழிமுகத்தின் மிதவையுயிரிகளில் பத்து லட்சத்தில் 0.04 பங்காக இருந்த டி.டி.டி.யும் அதன் எச்சங்களும் ஒரு கடற்காகத்தின் உடலில் 75 பங்காக இருந்தன. முட்டையின் ஓடு மெலிந்து, அடைகாக்கும்போதே உடைந்ததால் பல வேட்டைப் பறவைகளின் எண்ணிக்கை சரிந்தது. இதுவே உயிரியல் உருப்பெருக்கம். சிதையாமையும் கொழுப்பில் கரைதலும் இல்லாத பொருள் இவ்வாறு திரளாது என்பதால், அந்த இரண்டு பண்புகளையும் விடையில் கட்டாயம் குறிப்பிடுங்கள்.

ஐந்தாம் படி: பொருளின் சுழற்சியைப் பின்தொடருங்கள்

ஆற்றல் ஒருவழிப் பயணம் செய்கிறது. பொருளோ திரும்பத் திரும்பச் சுற்றிவருகிறது. கார்பன் சுழற்சியை வரைவது எளிது. காற்றிலிருந்து கார்பன் டை ஆக்சைடை எடுக்கும் பெரிய வழியாக ஒளிச்சேர்க்கையை எழுதிக்கொண்டு, காற்றுக்குத் திருப்பிக் கொடுக்கும் வழிகளாகச் சுவாசித்தல், சிதைத்தல், எரிதல் ஆகியவற்றை எழுதினால் எலும்புக்கூடு முடிந்தது. தாவரங்களும் சுவாசிக்கின்றன என்ற அம்புக்குறியை மறக்காதீர்கள். தொழிற்புரட்சிக்கு முன் காற்றில் பத்து லட்சத்தில் 280 பங்கு அளவில் இருந்த கார்பன் டை ஆக்சைடு, ஹவாயின் மௌனா லோவாவில் 1958இல் தொடர் அளவீடு தொடங்கியபோது ஏறத்தாழ 315ஆக உயர்ந்திருந்தது. இன்று 420ஐத் தாண்டிவிட்டது. பல கோடி ஆண்டுகளாக நிலத்தடியில் ஒதுங்கியிருந்த கார்பனை எரிபொருளாக வெளியே எடுப்பதால், சுழற்சியில் வரவும் செலவும் சமன்படவில்லை.

நைட்ரஜன் சுழற்சியில்தான் மாணவர்கள் திணறுகிறார்கள். காற்றில் 78 சதவீதம் நைட்ரஜன் இருந்தும், அதன் இரண்டு அணுக்களும் முப்பிணைப்பால் இறுகியிருப்பதால் தாவரங்களால் அதை நேரடியாகப் பயன்படுத்த முடியாது. பெயர்களை மனப்பாடம் செய்வதற்கு முன், ஒவ்வொரு பாக்டீரியாவும் எதை எதுவாக மாற்றுகிறது என்பதை மட்டும் நான்கு வரிகளில் எழுதிக்கொள்ளுங்கள். அவரைக் குடும்பத் தாவரங்களின் வேர்முடிச்சுகளில் வாழும் ரைசோபியம் நைட்ரஜன் வாயுவை அம்மோனியாவாக மாற்றுகிறது; இது நிலைநிறுத்தம். சிதைப்போர் இறந்த உடல்களின் புரதத்திலிருந்து அம்மோனியாவை வெளியிடுகின்றன. நைட்ரோசோமோனாஸ் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், நைட்ரோபாக்டர் நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. இதற்கு ஆக்சிஜன் தேவை. நீர் தேங்கி ஆக்சிஜன் குறைந்த மண்ணில் சூடோமோனாஸ் போன்றவை நைட்ரேட்டை மீண்டும் வாயுவாக்கிக் காற்றுக்கு அனுப்பிவிடுகின்றன. மண்ணைக் கிளறிக் காற்றோட்டம் கொடுப்பதும் தேங்கிய நீரை வடிப்பதும் ஏன் பயிருக்கு நல்லது என்ற கேள்விக்கு இந்தக் கடைசி இரண்டு வரிகளிலேயே விடை இருக்கிறது.

பாஸ்பரஸ் சுழற்சியில் வாயு நிலை என்று சொல்லத்தக்க கட்டம் இல்லை. அது பாறையிலிருந்து அரித்து மண்ணுக்கும் நீருக்கும் வருகிறது. அதற்கு மேல் இந்த நிலையில் அதிகம் தேவைப்படாது.

இப்போது குளத்துக்குத் திரும்புவோம். வயலில் இட்ட உரத்தின் நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் மழைநீரில் அடித்துவரப்பட்டுக் குளத்தில் சேர்ந்தால் மீன்கள் இறப்பது ஏன்? "பாசி ஆக்சிஜனை எடுத்துக்கொள்கிறது" என்று ஒரே வரியில் எழுதிவிடுவது வழக்கம். அதில் முக்கியமான கண்ணிகள் விடுபடுகின்றன. ஊட்டப்பொருளால் பாசி பெருகி நீரின் மேற்பரப்பை மூடுகிறது. அடியிலுள்ள தாவரங்களுக்கு ஒளி கிடைக்காமல் அவை இறக்கின்றன. ஊட்டம் தீர்ந்தபின் பாசியும் இறக்கிறது. இறந்த பொருள் மிகுந்ததால் அதைச் சிதைக்கும் பாக்டீரியாக்கள் பெருகுகின்றன. அவை சுவாசிக்கும்போது நீரில் கரைந்த ஆக்சிஜனைப் பெருமளவில் பயன்படுத்திவிடுவதால் மீன்கள் மூச்சுத் திணறி இறக்கின்றன. மிகையூட்டமுறுதல் என்னும் இந்நிகழ்வில், பாக்டீரியாவின் சுவாசித்தலே ஆக்சிஜன் குறைவதற்கு முதன்மையான காரணம் என்பதை அழுத்தி எழுதுங்கள்.

ஆறாம் படி: எண்ணுங்கள்

எண்ணாமல் கற்கும் சூழலியல் கையில் நிற்காது. ஓரிடத்தில் அசையாமல் இருக்கும் தாவரங்களை எண்ணச் சட்டகமும், நகரும் விலங்குகளை மதிப்பிடக் குறியிட்டு மீண்டும் பிடித்தலும் பயன்படுகின்றன.

சட்டகம் என்பது குறிப்பிட்ட பரப்புள்ள ஒரு சதுரம். நான்கு குச்சிகளைக் கயிற்றால் கட்டி நீங்களே செய்துகொள்ளலாம். அரை மீட்டர் பக்கமுள்ள சட்டகத்தின் பரப்பு 0.25 சதுர மீட்டர். அதைக் கண்ணை மூடிக்கொண்டு எறிவது சமவாய்ப்பு முறை ஆகாது, அருகில் நிற்பவருக்கும் ஆபத்து. இரண்டு அளவுநாடாக்களை ஒன்றுக்கொன்று செங்குத்தாக விரித்து, சமவாய்ப்பு எண்களால் புள்ளிகளைத் தேர்ந்து, அங்கே சட்டகத்தை வையுங்கள். பத்து இடங்களில் வைத்து மொத்தம் 30 செடிகள் எண்ணியிருந்தால், பார்த்த பரப்பு 2.5 சதுர மீட்டர். ஆகவே சதுர மீட்டருக்கு 12 செடிகள். புல்வெளியின் பரப்பு 400 சதுர மீட்டர் என்றால் மதிப்பீடு 4,800 செடிகள்.

குளத்து நத்தைகளுக்கு இரண்டாவது முறை. முதல் நாள் 40 நத்தைகளைப் பிடித்து, ஓட்டில் தீங்கற்ற சிறு குறியிட்டு விட்டுவிடுங்கள். சில நாட்கள் கழித்து 50 நத்தைகளைப் பிடிக்கும்போது அவற்றில் 10இல் குறி இருந்தால், 40ஐ 50ஆல் பெருக்கி 10ஆல் வகுக்க, இனக்கூட்டத்தின் மதிப்பீடு 200. குறி அழியாதது, குறியிட்டவை மற்றவற்றோடு நன்கு கலந்தது, இடையில் பிறப்பும் இறப்பும் வரவும் வெளியேற்றமும் புறக்கணிக்கத்தக்க அளவில் இருந்தது என்ற நிபந்தனைகள் நிறைவேறினால் மட்டுமே இந்த எண் நம்பத்தக்கது. பளிச்சென்ற வண்ணத்தில் குறியிட்டு, அதனாலேயே பறவைகள் அந்த நத்தைகளைப் பிடித்துத் தின்றுவிட்டால், மீண்டும் கிடைக்கும் குறியிட்டவை குறைந்து, மதிப்பீடு உண்மையை விட உயர்ந்துவிடும்.

எண்ணிக்கை காலப்போக்கில் எப்படி மாறும் என்பதற்கு, பெரிங் கடலில் உள்ள செயின்ட் மேத்யூ தீவின் வரலாறு மறக்க முடியாத பாடம். 1944இல் அங்கே 29 ரெயின்டீர் மான்கள் கொண்டுவந்து விடப்பட்டன. வேட்டையாடும் விலங்கு இல்லை. பூஞ்சையும் பாசியும் இணைந்து வாழும் லைக்கன்கள் தடித்த கம்பளமாகப் படர்ந்திருந்தன. 1963இல் மான்கள் ஏறத்தாழ 6,000 ஆகின. மெதுவாக வளரும் லைக்கன்கள் தின்று தீர்க்கப்பட்ட நிலையில் கடும் குளிர்காலம் வந்தது. 1966இல் எஞ்சியவை 42. ஒரு சூழல் நீண்டகாலம் தாங்கக்கூடிய எண்ணிக்கையே தாங்குதிறன். அதை நெருங்கும்போது வளர்ச்சி மெல்லக் குறைந்து நிலைபெற்றால் வரைகோடு படுத்த 'எஸ்' வடிவம் பெறும். அதை மிஞ்சிப் போய்ச் சூழலையே சிதைத்துவிட்டால் இந்தத் தீவில் நடந்ததுபோல் தாங்குதிறனும் சேர்ந்து குறையும். உணவுப் பற்றாக்குறை, தொற்றுநோய் ஆகியவை அடர்த்தி கூடக்கூடக் கடுமையாகும் காரணிகள். கடுங்குளிர், வெள்ளம் ஆகியவை அடர்த்தியைப் பொருட்படுத்தாதவை. மேற்சொன்ன வீழ்ச்சியில் இரண்டும் சேர்ந்து செயல்பட்டிருக்கின்றன.

ஏழாம் படி: உறவுகளைக் கூட்டல், கழித்தல் குறிகளால் எழுதுங்கள்

இரண்டு சிற்றினங்களுக்கு இடையிலான உறவை இரண்டு குறிகளால் எழுதினால் பெயர்கள் தாமே நினைவில் நிற்கும். இரண்டுக்கும் நன்மை என்றால் இரண்டு கூட்டல் குறிகள். லைக்கனில் பூஞ்சையும் பாசியும் வாழ்வது அப்படிப்பட்டது. ஒன்றுக்கு நன்மை, மற்றதற்குத் தீமை என்றால் அது கொன்றுண்ணலாகவோ ஒட்டுண்ணி வாழ்க்கையாகவோ இருக்கும். ஒன்றுக்கு நன்மை, மற்றதற்கு நன்மையும் இல்லை தீமையும் இல்லை என்றால் உடனுண்ணும் நிலை. போட்டியில் இரண்டும் இழக்கின்றன. வென்றதும் போட்டிக்காகச் செலவழித்திருக்கிறது என்பதால் இரண்டு கழித்தல் குறிகளே சரி.

இந்த உறவுகளில் சில, எண்ணிக்கைக்குப் பொருத்தமில்லாத அளவுக்குப் பெரிய விளைவை உண்டாக்குகின்றன. ராபர்ட் பெயின் என்ற அமெரிக்கச் சூழலியலாளர் 1960களில் வாஷிங்டன் மாநிலத்துப் பாறைக் கடற்கரையின் ஒரு பகுதியிலிருந்து ஒரே ஒரு நட்சத்திர மீன் சிற்றினத்தைத் தொடர்ந்து அகற்றிவந்தார். அதற்கு இரையாகிவந்த சிப்பிகள் தடையின்றிப் பெருகிப் பாறையை ஆக்கிரமித்துக்கொண்டன; அங்கே கணக்கெடுக்கப்பட்ட 15 சிற்றினங்கள் 8ஆகக் குறைந்தன. கொன்றுண்ணி இருந்ததால்தான் பல சிற்றினங்களுக்கு இடம் கிடைத்திருக்கிறது. இத்தகைய சிற்றினத்தை ஆதாரச் சிற்றினம் என்கிறோம்.

எட்டாம் படி: காலத்தை நீட்டிப் பாருங்கள்

உயிரினக் குழுமம் வெற்றிடத்தில் தோன்றி மாறிச்செல்வது வழிமுறை வளர்ச்சி. மண்ணே இல்லாத புதிய பாறையில் தொடங்கினால் முதன்மை. தீயாலோ வெள்ளத்தாலோ அழிந்தும் மண்ணும் விதைகளும் எஞ்சியிருக்கும் இடத்தில் தொடங்கினால் இரண்டாம்நிலை. மண் உருவாகக் காத்திருக்க வேண்டியதில்லை என்பதால் இரண்டாவது விரைவாக நடக்கும்.

1963 நவம்பரில் ஐஸ்லாந்துக்குத் தெற்கே கடலுக்கடியில் வெடித்த எரிமலையால் சுர்ட்சி என்ற தீவு பிறந்தது. அறிவியலாளர்கள் தவிரப் பிறர் கால்வைக்க அனுமதி இல்லாத அந்தத் தீவில் முதன்மை வழிமுறை வளர்ச்சியைத் தொடக்கத்திலிருந்தே பதிவு செய்துவருகிறார்கள். முன்னோடிகள் லைக்கன்களே என்று பாடநூல்கள் சொல்லும். ஆனால் சுர்ட்சியில் 1965லேயே, லைக்கன்கள் காணப்படுவதற்கு முன், கடல் சுமந்துவந்த விதையிலிருந்து ஒரு பூக்கும் தாவரம் முளைத்தது. 1980களில் கடற்காகங்கள் கூடுகட்டத் தொடங்கியபின், அவற்றின் எச்சத்தால் மண் வளம்பெற்றுத் தாவரச் சிற்றினங்களின் எண்ணிக்கை வேகமாகக் கூடியது. பாடநூல் தரும் வரிசை பொதுவான போக்கைச் சொல்கிறது என்றும், எந்த வித்து எப்போது வந்து சேர்கிறது என்பதையும் பொறுத்தே உண்மையான வரிசை அமைகிறது என்றும் புரிந்துகொள்ளுங்கள். உங்கள் குளமும் மாறிக்கொண்டுதான் இருக்கிறது: வண்டலும் மட்கும் ஆண்டுதோறும் அடியில் படிய, மிதக்கும் தாவரங்களை அடுத்து நாணல்களும், நாணல்களை அடுத்து நிலத்தாவரங்களும் உள்நோக்கி வருகின்றன.

ஒன்பதாம் படி: ஓர் உயிரினத்தை நீக்கிப் பாருங்கள்

மூன்றாம் படியில் வரைந்த உணவு வலையை எடுத்து, தலைப்பிரட்டைகள் அனைத்தும் நோயால் அழிந்தன என்று வைத்துக்கொண்டு விடை எழுதிப் பாருங்கள். தலைப்பிரட்டை உண்டுவந்த பாசி பெருகலாம். அதை உண்டுவந்த தட்டானின் இளவுயிரி குறையலாம். மீன் வேறு இரைகளை நாடுவதால் அந்த இரைகளின் எண்ணிக்கை குறையலாம். அவையும் பாசியை உண்பவையாக இருந்தால் பாசி மேலும் பெருகலாம். ஒவ்வொரு வரியிலும் "ஏனெனில்" என்று ஒரு காரணம் இருக்க வேண்டும். வேறு உணவு இருக்கும் இடத்தில் "அழியும்" என்று எழுதாமல் "குறையலாம்" என்றே எழுத வேண்டும்.

அடுத்ததாக அதே படத்திலிருந்து பாக்டீரியாக்களையும் பூஞ்சைகளையும் நீக்குங்கள். இந்த விடையை எழுதும்போது உணவு வலையோடு ஐந்தாம் படியில் வரைந்த நைட்ரஜன் சுழற்சியின் படத்தையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நாரை வரையிலான சங்கிலியில் முதல் நாள் எந்த மாற்றமும் தெரியாது. இறந்தவை அடியில் அப்படியே குவியத் தொடங்கும், நீரில் நைட்ரேட்டின் வரவு நிற்கும். எத்தனை மட்டங்கள் தாண்டி, எந்த வரிசையில் அந்தக் குறைவு நாரையை எட்டும் என்பதை எழுதி முடியுங்கள்.